முப்பத்தைந்தாவது வளைவு

தாம்பரத்துக்காரர்களுக்கு ஏறிப் பழக மலை கிடையாது. திருநீர்மலையில் இருப்பது படிக்கட்டு. சைக்கிளை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சாலமோன் சாரும் வெற்றிவேலும் மேம்பாலத்தில்தான் பழகினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, லாரிகள் குறைந்த நேரமாகப் பார்த்து, மேம்பாலத்தில் ஏறுவது, இறங்குவது, திரும்பி வந்து மறுபடி ஏறுவது. இருபது தடவை. எட்டு மணி ஆராதனையில் சாலமோன் சார் பாட வேண்டும் என்பதால் ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

சார் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஐம்பத்தொரு வயது, ஒல்லியான உடம்பு, எதையும் எண்ணிப் பார்த்துச் செய்கிற சுபாவம். வெற்றிவேல் மாடம்பாக்கத்தின் பழைய குடும்பத்துப் பிள்ளை. வயல்கள் மனைகளான பிறகு மெயின் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருந்தான். அவனுடைய மகள் அனுப்பிரியா சாரிடம் படித்தவள். ஆறு வருஷத்துக்கு முன் பெற்றோர் கூட்டத்துக்குப் போனவன், சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதைப் பேச்சுவாக்கில் சொல்லப்போக, நாளைக்குக் காலையில் ஒரு சைக்கிளோடு வா என்று சார் கூப்பிட்டார். அப்படித் தொடங்கியது. மகள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். இவனுக்கு அவர் இன்னும் சார்தான்.

இத்தனை வருஷமும் பின்தங்கியவன் வெற்றிவேல். இரண்டு வருஷத்துக்கு முன் ஏற்காட்டுக்குப் போனபோது, ஒவ்வொரு வளைவிலும் சார் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, இவன் மூச்சிரைக்க வந்து சேருகிற வரை காத்திருந்து, தண்ணீர் குடிக்க வைத்து, பிறகே ஏறினார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அதற்கடுத்த திட்டம் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தாம்பரத்தில் கிளம்பி, விழுப்புரம், ஆத்தூர், சேந்தமங்கலம் என்று மூன்று நாளில் அடிவாரம் சேர்ந்து, நான்காம் நாள் ஏறி இறங்கி, சேலத்தில் ரயிலைப் பிடித்து, முப்பத்தொன்றாம் தேதி இரவு ஆராதனைக்கு சார் ஊரில் இருக்க வேண்டும்.

அக்டோபரில் சாருக்கு டெங்கு வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவருடைய மனைவி ஈவ்லின் இந்தப் பயணமே வேண்டாம் என்று நின்றாள். சார் விடவில்லை. கடைசியில் அவள் வெற்றிவேலைச் செம்பாக்கம் வீட்டுக்கு வரச்சொல்லி, கேக் வைத்துக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

“அவர் டயர்டா இருக்குன்னு வாயத் திறந்து சொல்லமாட்டார், தம்பி. நீங்கதான் முகத்தப் பாத்து நிறுத்தணும். நீங்க பக்கத்துல இருப்பீங்கன்னாதான் அனுப்புவேன்.”

“நான் கூடவே இருப்பேன்க்கா. நீங்க கவலையே படாதீங்க,” என்றான் வெற்றிவேல். மனதாரத்தான் சொன்னான்.

முதல் மூன்று நாளும் சமவெளி. திண்டிவனம் தாண்டி எதிர்காற்று அடித்தபோது வெற்றிவேல் முன்னால் போனான், சார் அவன் முதுகு மறைவில் வந்தார். ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவன் முன்னால் இருந்தான். கள்ளக்குறிச்சி தாண்டியும் அப்படியே. தன் கால்களில் என்ன புகுந்துகொண்டது என்று அவனுக்கே ஆச்சரியம். மழைக்காலம் முழுக்க, சார் படுக்கையில் கிடந்த வாரங்களிலும், அவன் தனியாக மேம்பாலத்தில் ஏறியிருந்தான். அந்த உழைப்பு இப்போது பேசியது. சேந்தமங்கலத்து லாட்ஜில் சார் தன் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி, நாளைக்கு நீ என்னை இழுத்துக்கொண்டு போகப்போகிறாய் என்று சொல்லிச் சிரித்தார். வெற்றிவேலுக்கு உச்சி குளிர்ந்து போனது.

மறுநாள் ஆறே கால் மணிக்குக் காரவள்ளியில் ஏறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருந்தது. சார் சொல்லிக்கொடுத்த முறைப்படி சின்ன கியரில், நிதானமாக, ஐந்து வளைவுக்கு ஒரு தரம் நின்று ஏறினார்கள். பத்து வரை சார் பேசிக்கொண்டே வந்தார். பதினைந்தில் பேச்சு நின்றது. பதினெட்டில் அவருடைய சக்கரம் ஒரு நேர்க்கோட்டில் போகாமல் அலைய ஆரம்பித்தது. இருபதில் இறங்கி, தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

திரும்பிவிடலாமா என்று வெற்றிவேல் கேட்டான். சார் மறுப்பாகத் தலையை ஆட்டினார். எனக்கு ஒன்றுமில்லை, மெதுவாக வருகிறேன், ஆனால் என் வேகத்தில் நீ வந்தால் உன் கால் பிடித்துக்கொள்ளும், உன் தாளத்தில் நீ போ என்றார்.

“முப்பத்தஞ்சுல நில்லு. அது பாதி தூரம். அங்க பாத்துட்டு, மேல போறதா இறங்கறதான்னு முடிவு பண்ணுவோம்.”

“முப்பத்தஞ்சுல நிக்கறேன் சார். நீங்க அவசரப்படாம வாங்க,” என்றான் வெற்றிவேல்.

ஈவ்லினிடம் சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. பதினைந்து வளைவுதானே, சாரே சொல்கிறாரே என்று அதைத் தள்ளிவைத்தான். இருபத்தைந்துக்கு மேல் தொலைபேசியில் சிக்னல் போய்விட்டது.

முப்பதாவது வளைவில் பெங்களூரிலிருந்து வந்த மூன்று பேர் அவனைத் தாண்டினார்கள். இரண்டு இளைஞர்கள், ஒரு பெண். மூவரும் ஒரே நிறச் சட்டை. எடை இல்லாதவர்கள்போல ஏறினார்கள். தாண்டும்போது ஓர் இளைஞன் திரும்பிப் பார்த்து, அண்ணா செமையா ஏறுறீங்களே, எங்ககூட வாங்க என்றான். வெற்றிவேல் எழுந்து நின்று மிதித்தான். அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டான். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் அவன் பின்தங்கவில்லை. தான் ஒருநாளும் இருந்திராத இடத்தில் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

முப்பத்தைந்தாம் எண் பலகை வந்தது. முன்னால் போனவர்கள் நிற்கவில்லை. இப்போது இறங்கினால் இவர்களை மறுபடி பிடிக்க முடியாது. நாற்பதில் நிற்கலாம், சார் எப்படியும் பலகையைப் பார்த்து ஏறி வந்துவிடுவார் என்று நினைத்தான். நாற்பதில், நாற்பத்தைந்து என்று நினைத்தான். ஐம்பதுக்கு மேல் நினைப்பதையே விட்டுவிட்டான்.

எழுபதாவது வளைவின் உச்சியில் அந்தப் பெண் அவனுடைய தொலைபேசியை வாங்கி, பலகைக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி படம் எடுத்துக் கொடுத்தாள். மணி ஒன்பது இருபது. மூவரும் கைகுலுக்கிவிட்டு மேலே போனார்கள். வெற்றிவேல் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தான். இரண்டாவது டீ வாங்கும்போதுதான் சாரின் நினைவு வந்தது. சாலையின் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பஸ் வந்தது. மூட்டைகள் ஏற்றிய வண்டி ஒன்று கீழே போனது. சார் வரவில்லை. அலுத்துப்போய் இறங்கியிருப்பார், அடிவாரத்தில் இருப்பார் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பத்து மணி வரை உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கினான்.

முப்பத்தைந்தாவது வளைவில் சாரின் சைக்கிள் தடுப்புச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியது. ஆள் இல்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஓடி, சார், சார் என்று கத்தினான். கீழே சரிவில், உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து குரல் வந்தது. நைந்துபோன குரல்.

“வெற்றியா? உனக்கு ஒண்ணும் ஆகலையே? எங்க விழுந்தே?”

சுவரைத் தாண்டி, வேர்களைப் பிடித்து, உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினான். இருபது அடிக்குக் கீழே சார் ஒரு பாறையில் மாட்டிக் கிடந்தார். வலது கால் தொடையிலிருந்து ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. முகம் முழுக்க முள் கீறல். துண்டு துண்டாகச் சொன்னார். எட்டே முக்காலுக்கு இந்த வளைவுக்கு வந்திருக்கிறார். இவனைக் காணவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். சுவரோரம் வந்து குனிந்தபோது புதரில் நீலமாக ஏதோ தெரிந்தது. வெற்றிவேல் அன்று போட்டிருந்தது நீலச் சட்டை. இறங்கப் போய் மண் சரிந்துவிட்டது. கிட்டே பார்த்தால் அது யாரோ வீசிய தார்ப்பாய்த் துண்டு. அதற்குப் பிறகு மேலே சாலையில் போன வண்டிகளையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். ஒருவர் காதிலும் விழவில்லை.

“நீ எங்கப்பா இருந்தே?”

வெற்றிவேல் அந்தக் காலைப் பார்த்தான். முள் கீறிய முகத்தைப் பார்த்தான். வாய் தானாகத் திறந்தது.

“வயிறு சரியில்லாம போய்ட்ச்சு சார். கொஞ்சம் மேல போயி ஒதுங்கிக்கினு இருந்தேன்.”

சார் கண்ணை மூடிக்கொண்டார். “சரி,” என்றார்.

வாழைத்தார் ஏற்றிவந்த ஜீப் ஒன்றை மறித்தான் வெற்றிவேல். டிரைவரும், சுமை ஏற்ற வந்த இரண்டு பெண்களும் இறங்கி, ஒரு போர்வையில் சாரைக் கிடத்தி, நான்கு பேருமாக மேலே தூக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் சாரின் பற்கள் நெறுநெறுத்தன, ஆனால் அலறவில்லை. தார்களைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு அவரை ஏற்றினார்கள். முப்பத்தைந்து வளைவும் இறங்குகிற வரை வெற்றிவேல் அவருடைய தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தான். வழியில் சிக்னல் வந்ததும் டிரைவர் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் காரவள்ளியில் காத்திருந்தது.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் இரவே அறுவை செய்து, தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். விடிவதற்குள் ஈவ்லின் தன் தம்பி ஜெஃப்ரியோடு காரில் வந்து சேர்ந்தாள். கணவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் நேராக வெற்றிவேலிடம் வந்து, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நீங்கள் பக்கத்தில் இல்லையென்றால் அவர் அங்கேயே கிடந்து செத்திருப்பார், கர்த்தர் உங்களைத்தான் கூட வைத்திருந்தார் என்று அழுதாள். ஜெஃப்ரியும் தோளைத் தட்டினான். வெற்றிவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த இடத்தில் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வந்தது. நர்ஸ் மருந்துச் சீட்டோடு வந்தாள். அதை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினான். அதன் பிறகு அந்தக் கணம் திரும்பவில்லை.

ஊருக்கு வந்ததும் அவன் செய்த முதல் காரியம், சைக்கிள்காரர்கள் தங்கள் ஓட்டத்தைப் பதிவு செய்கிற செயலியைத் திறந்ததுதான். அவனுடைய கொல்லிமலை ஏற்றம் அங்கே தானாகப் பதிவாகியிருந்தது. எங்கே எத்தனை நிமிஷம் என்ற விவரம் முழுக்க இருந்தது. இருபதாவது வளைவுக்கு மேல் எங்கும் நிற்கவில்லை என்று கோடு காட்டியது. தெரிந்தவர்கள் இருபத்தாறு பேர் பாராட்டியிருந்தார்கள். வெற்றிவேல் அதை அழித்தான். உச்சியில் எடுத்த படத்தையும் அழித்தான்.

அழித்த பிறகுதான் தூக்கம் கெட்டது. கடையில் வாடிக்கையாளர் கேட்ட டைல்ஸுக்குப் பதிலாக வேறொன்றை எடுத்து வைத்தான். மனைவி தாயாரம்மாள், நண்பருக்கு அடிபட்டதில் மனுஷன் இப்படி உடைந்துபோய்விட்டாரே என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வருத்தப்பட்டாள். பொங்கல் வந்தது, போனது. சார் செம்பாக்கம் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தும், கடையில் ஆள் இல்லை, சரக்கு வருகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஈவ்லினே தொலைபேசியில் கூப்பிட்டு, உங்களைப் பார்த்தால் அவருக்கு நன்றாக இருக்கும் என்றாள். அதற்கு மேல் தள்ள முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை போனான். சார் கூடத்துக் கட்டிலில் சாய்ந்து, அரைப்பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஈவ்லின் காய்கறி வாங்கப் போயிருந்தாள். கால் எப்படி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் விடுப்பு கொடுத்தார்கள் என்றெல்லாம் கேட்டான். சார் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“ரெக்கார்டை ஏன் அழிச்சே? நல்ல டைமிங்.”

நாமக்கல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே பார்த்துவிட்டதாக சார் சொன்னார். பாராட்டிய இருபத்தாறு பேரில் தன் பெயரும் இருந்ததை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது என்றார். குரலில் கோபம் இல்லை. கரும்பலகையில் தப்பான விடையைச் சுட்டிக்காட்டுகிற குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

“என் தப்புதான் சார். முன்னாடி போனவங்க நிக்கல, நானும் நிக்கல. அன்னிக்கு இன்னா ஆச்சோ தெரில. அப்புறம் உங்கள அந்த நெலமைல பாத்ததும் பயத்துல பொய் சொல்லிட்டேன்.”

சார் விடைத்தாள் கட்டை எடுத்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினார்.

“நீ நிக்கறேன்னு சொன்னே. அங்க நீ இல்லைன்னதும், விழுந்துட்டேன்னுதான் எனக்குத் தோணிச்சு. நிக்காம போயிருப்பேன்னு தோணவே இல்ல. அதான் எனக்கு இப்பவும் கஷ்டமா இருக்கு, வெற்றி. கால் இல்ல.”

ஈவ்லினுக்கு இது தெரியாது என்றும், தான் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னார். பொய் உன்னுடையது, அதை என்ன செய்வது என்பதும் உன் பாடு என்றார்.

வெற்றிவேல் எழுந்து போகவில்லை. ஈவ்லின் பையோடு வந்து, அவனைப் பார்த்து முகம் மலர்ந்து, காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள். அவன் பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். முப்பதாவது வளைவில் தொடங்கி இரண்டாவது டீ வரை, ஒன்றையும் விடவில்லை. அவள் பாலை அடுப்பில் வைத்தவள், கேட்கக் கேட்க அசையாமல் நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தாள்.

“உங்க கையைப் புடிச்சு நான் அழுதேன்,” என்றாள். “அப்பவும் சும்மா நின்னீங்க.”

தயவுசெய்து போய்விடுங்கள் என்றாள். போய்விட்டான்.

மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அவன் மேம்பாலத்துக்குப் போகவில்லை. சைக்கிள் கடையின் பின்புறம், டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றது. விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தான். தாயாரம்மாளிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் திட்டவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு, நாளைக்கு அந்த அம்மா கூப்பிட்டால் எதற்கென்று கேட்காமல் போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி கடைசியில் ஈவ்லின் கூப்பிட்டாள். தம்பி என்ற சொல் இல்லை. சாருக்குப் பிசியோதெரபி ஆரம்பித்திருக்கிறது, சேலையூரில், செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு. தன் ஆபீசில் இனி விடுப்பு கிடையாது. ஜெஃப்ரி வேலையாக வெளியூர் போய்விட்டான். ஆட்டோவில் ஏறி இறங்க அவரால் முடியவில்லை.

“நான் மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. எனக்கு வேற வழி இல்ல. கார் இருக்கறவங்க நீங்க ஒருத்தர்தான்.”

“வர்றேங்க்கா,” என்றான்.

அன்றிலிருந்து ஒரு செவ்வாய்கூட, ஒரு வெள்ளிகூட அவன் தவறவில்லை. மூன்றே முக்காலுக்குச் செம்பாக்கம் வீட்டு வாசலில் காரை நிறுத்துவான். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாரின் வலது காலை இரண்டு கைகளாலும் ஏந்தி உள்ளே வைப்பான். சிகிச்சை நடக்கிற முக்கால் மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். உள்ளிருந்து சில நாள் முனகல் கேட்கும். ஈவ்லின் வீட்டில் இருக்கிற நாட்களில் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க மாட்டாள். காரில் சார் வெயிலைப் பற்றிப் பேசுவார், பொதுத்தேர்வு கேள்வித்தாளைப் பற்றிப் பேசுவார். மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜூலைக்கு மேல் சமதரையில் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலை இனி இல்லை. யாரோடு ஓட்டுவார் என்று வெற்றிவேல் கேட்கவில்லை.

மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கேம்ப் ரோடு சிக்னலில் கார் சிக்கிக்கொண்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நகராமல் நின்றது. ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி சார் கேட்டார்.

“முப்பத்தஞ்சுக்கு மேல எப்படி இருந்துச்சு? நான் பாக்காத பாதி அது. சொல்லேன்.”

வெற்றிவேல் சொல்ல வாயெடுத்தான். எந்த வளைவில் செங்குத்து அதிகம், எங்கே காடு தொடங்கியது, எங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி தெரிந்தது என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டான். மனதுக்குள் தேடினான். ஒன்றுமே இல்லை.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார். முன்னாடி போன பையனோட பின் சக்கரத்ததான் பாத்துக்கினு போனேன். வேற எதையும் பாக்கல.”

சார் அவன் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டு, வலிக்கிற காலை இரண்டு கையாலும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். லாரி நகர்ந்தது. வெற்றிவேல் கியரைப் போட்டான்.